மிஞ்சிய சோறும் அரை மூடித் தேங்காயும்: இரவுச் சமையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் பதினோரு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நண்பகலில் பிள்ளையை அழைத்துப்போக வரும் அம்மாக்களும் அம்மாயிகளும் வாசலில் நின்று பேசுவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: இன்றைக்கு இரவுக்கு என்ன? சம்பளம் வந்த வாரத்தில் இந்தப் பேச்சு எழாது. சம்பளத்துக்கு முந்தைய பத்து நாட்களில் தினமும் எழும்.

ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் அவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். கீழே உள்ள பதில்கள் என் அம்மாவிடம் கற்றவை, என் அடுப்பில் செய்து பார்த்தவை, உணவுப் பாதுகாப்புப் பயிற்சிகளில் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டவை. அளவு சொல்லும் இடங்களில் சுண்டு என்பது வீட்டில் அரிசி அளக்கும் அதே சுண்டுதான்.

"டீச்சர், வீட்டில் மாவும் அரை மூடித் தேங்காயும்தான் இருக்கிறது. இதை வைத்து இரவுக்கு என்ன செய்வது?"

ரொட்டிதான். ஆனால் காலையில் மலைக்குக் கட்டிக்கொண்டு போன ரொட்டியே இரவும் தட்டில் விழுந்தால் யாருக்கும் சாப்பிட மனம் வராது. இரண்டு சுண்டு கோதுமை மாவுக்கு முக்கால் சுண்டு தேங்காய்ப்பூ, உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. அதோடு வீட்டில் கிடக்கும் கரட் ஒன்றைத் துருவிச் சேருங்கள். கோவாவில் கால் பங்கு இருந்தால் மெல்லியதாக அரிந்து சேருங்கள். காய்கறியை முதலில் உப்புப் போட்டுப் பிசறி ஐந்து நிமிடம் விடுங்கள். அது விடும் நீரோடு மாவைப் பிசைந்த பிறகே தண்ணீர் போதுமா என்று பாருங்கள். தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும். மலையிலிருந்து பீலியில் விழும் நம் தண்ணீரின் குளிரில் மா இறுகிவிடும், ரொட்டி தட்டும்போது ஓரம் வெடிக்கும். பிசைந்த மாவை இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டுத் தட்டுங்கள்.

தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல் போதும். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, இருந்தால் ஒரு துண்டு மாசி, கடைசியில் எலுமிச்சம்புளி. இதில் தேங்காய் கிடையாது என்பதால் அரை மூடி முழுவதும் ரொட்டிக்கே போய்ச் சேரும். இருக்கும் ஒரே தேங்காயை ரொட்டிக்கும் சம்பலுக்கும் பங்கு போட்டால் இரண்டுமே சப்பென்று ஆகிவிடும்.

"மதியச் சோறு இரண்டு அகப்பைதான் மிஞ்சியிருக்கிறது. ஐந்து பேருக்கு எப்படிக் காணும்?"

சோறாகப் போட்டால் காணாது. மாவோடு சேர்த்துவிடுங்கள். ஒரு சுண்டு சோற்றைக் கையால் நன்றாக மசித்து, ஒன்றரைச் சுண்டு மாவும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசையுங்கள். சோற்றிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டும். இந்தச் சோற்று ரொட்டி வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். பல் இல்லாத பெரியவர்களுக்கு வெறும் மா ரொட்டியைவிட இது நல்லது.

இன்னொரு வழி கஞ்சி. சோற்றைக் கூடுதல் தண்ணீரில் குழைய வேகவைத்து, அரைத்த வல்லாரைச் சாற்றையும் தேங்காய்ப்பாலையும் இறக்கும் நேரத்தில் ஊற்றினால் ஐந்து கோப்பை நிறையும். காய்ச்சல்காரர் இருக்கும் வீட்டில் எனக்குப் பிடித்த இரவுச் சாப்பாடு இது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அந்தச் சோறு மதியத்திலிருந்து எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பது முக்கியம். அதனால் அடுத்த பதிலைத் தவறாமல் படியுங்கள்.

"இங்கேதான் குளிராக இருக்கிறதே, சோற்றை வெளியே வைத்தால் என்ன ஆகிவிடும்?"

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்கும். அப்படியிருந்தும் வீடு பிரிட்ஜ் ஆகிவிடாது. பிரிட்ஜின் உட்புறம் 5 பாகைக்குள் இருக்க வேண்டும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிகள் பெருகும். குளிர் அந்த வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. அடுப்படி வீட்டின் மற்ற இடங்களைவிடச் சூடானது என்பதையும் மறக்க வேண்டாம். மூடி போட்டு, துணி சுற்றி, அடுப்போரம் வைத்த சோற்றுப் பானையின் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூடாகவே கிடக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

சோற்றில் வளரும் ஒரு கிருமிக்குப் பசிலஸ் சீரியஸ் என்று பெயர். அதன் வித்துகள் அரிசியோடே வருகின்றன, கொதிநீரில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சோறு கெட்ட வாடை வீசும் முன்பே இது நடந்துவிடலாம். "மணந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. மிஞ்சும் என்று தெரிந்த சோற்றைப் பானையிலேயே விடாமல் அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். பிரிட்ஜ் இருந்தால் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அதைச் சோற்று ரொட்டியாகச் சுட்டு வைத்துவிடுவது என் வழி. நன்றாக வாட்டிச் சுட்ட ரொட்டியில் ஈரம் குறைவு, இரவு வரை தாங்கும். பகலில் வீட்டில் இருக்கும் அம்மாயியிடம் இந்த வேலையைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

"எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. இரவு கறியைக் கொதிக்க வைத்து மூடிவிட்டால் காலை வரை இருக்குமா?"

எந்தக் கறி என்று பார்க்க வேண்டும். புளியும் உப்பும் எண்ணெயும் தூக்கலாக உள்ள கருவாட்டுப் பிரட்டல், நன்றாக வற்றிய கத்தரிக்காய் போன்றவை நம் குளிரில் ஓர் இரவு தாங்கும். தேங்காய்ப்பால் விட்ட கறி, பருப்பு, கீரை, இறைச்சி ஆகியவற்றை நம்பி வைக்க வேண்டாம். இறைச்சியை அன்றிரவு சாப்பிடும் அளவுக்கு மட்டும் வாங்குவது செலவாகத் தோன்றலாம். வயிற்றோட்டம் வந்து ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போவதைவிட அது மலிவு.

வைக்கக்கூடிய கறியை நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியோடு சட்டியைக் குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய பேசினில் இறக்கி வையுங்கள். அரைமணி நேரத்தில் ஆறிவிடும். அதன் பிறகு யாரும் அகப்பையை விடக் கூடாது. காலையில் மறுபடி கொதித்த பின்னரே பரிமாற வேண்டும், அதோடு அது முடிய வேண்டும்.

இதைவிடச் சிறந்த பழக்கம் ஒன்றுண்டு. கறி இறக்கும் முன், தேங்காய்ப்பால் விடுவதற்கு முன்னால், மறுவேளைக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தட்டில் மிஞ்சியதையும் சட்டியில் கடைசியாகக் கிடப்பதையும் வைத்துச் சமைப்பது கடினம். முன்கூட்டியே எடுத்து வைத்ததை வைத்துச் சமைப்பது எளிது. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிப் பதில்கள் இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கின்றன.

"அப்படியென்றால் பழஞ்சோறு சாப்பிடக் கூடாதா? எங்கள் தாத்தா அதைச் சாப்பிட்டே எண்பது வயது வரை இருந்தார்."

பழஞ்சோறு வேறு, வெறுமனே பானையில் கிடந்த சோறு வேறு. ஆறிய சோற்றில் சுத்தமான தண்ணீர் ஊற்றி வைத்தால் புளிப்பை உண்டாக்கும் நல்ல நுண்ணுயிர்கள் வளர்ந்து, மற்றவை வளர இடம் கொடுக்காமல் தடுக்கின்றன. மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரே இரவில் அது நன்றாகப் புளித்துவிடும். நம் குளிரில் புளிப்பது மந்தம். காலையில் பார்த்தால் வெறும் தண்ணீரில் கிடக்கும் சோறாகவே இருக்கும்.

அதனால் இங்கே பழஞ்சோறு போட விரும்பினால் சோற்றை விரைவாக ஆறவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி தயிர் கலந்து வையுங்கள். காலையில் லேசான புளிப்பு மணம் இருக்க வேண்டும். வழவழப்போ வேறு வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். சிறு குழந்தைக்கும் வயிற்றில் பிள்ளை உள்ளவருக்கும் அன்றன்று ஆக்கிய சோறே கொடுங்கள்.

"ஒரு மணி நேரம் கொதித்தும் கடலை வேகவில்லை. கொழும்பில் இருக்கும் தங்கைக்கு மட்டும் எப்படி வேகிறது?"

உங்கள் கைமேல் குற்றம் இல்லை, மலைமேல்தான். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் நீர் ஹட்டனில் ஏறத்தாழ 96 பாகையிலும் நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலும் கொதிக்கும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த சட்டியில் தண்ணீர் அந்தச் சூட்டைத் தாண்டாது. விறகைக் கூட்டுவதில் பயனில்லை, நேரத்தைத்தான் கூட்ட வேண்டும். பிரஷர் குக்கர் நீராவியை அடைத்து வைத்து உள்ளே 100 பாகைக்கு மேல் சூடேற்றுவதால் மலை நாட்டு வீட்டுக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி.

குக்கர் இல்லாதவர்கள் கடலையையும் பயற்றையும் சுடுநீரில் ஊறவையுங்கள். குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறினாலும் நம் ஊரில் நடுப்பகுதி இறுகியே இருக்கும். மைசூர்ப் பருப்புக்கு அரைமணி நேர ஊறல் போதும். புளி, தக்காளி, கொறுக்காய்ப்புளி எதுவானாலும் பருப்பு வெந்த பிறகுதான் சேர வேண்டும். புளிப்பு முதலில் சேர்ந்தால் தோல் இறுகி வேகாமலேயே நிற்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகுக்குச் சுமந்து வந்த மிலாறு ஒரு கட்டு இப்படித்தான் வீணாக எரிந்து போகிறது. 2022 இல் எரிவாயு கிடைக்காமல் எல்லோரும் விறகுக்குத் திரும்பிய மாதங்களில், ஊறவைக்கும் பழக்கம் இருந்த வீடுகளில் விறகு நின்று எரிந்ததை நான் பார்த்தேன்.

"பருப்புக் கறி எப்போதும் மிஞ்சுகிறது. மறுநாளும் அதே பருப்பா?"

பருப்பு மறுநாள் கெட்டியாகிவிடும், அதை மறுபடி பருப்பாக நீட்டவே கூடாது. தேங்காய்ப்பால் விடாமல் எடுத்துப் பிரிட்ஜில் வைத்த பருப்பாக இருந்தால் மூன்று வழிகள் இருக்கின்றன. தண்ணீரும் பழப்புளியும் சேர்த்து, கிடக்கும் ராபு, போஞ்சி, கரட்டை வேகவைத்து, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டினால் அது சாம்பார். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு நீர்க்கக் கொதிக்கவிட்டால் ரசம். மழை நாளில் மலையிலிருந்து நனைந்து வருபவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

மூன்றாவது வழிதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. கெட்டிப் பருப்பை மாவில் போட்டு, தண்ணீரே விடாமல் அந்தப் பருப்பின் ஈரத்திலேயே பிசைந்து, வெங்காயமும் பெருஞ்சீரகமும் சேர்த்து ரொட்டி தட்டுங்கள். நேற்றைய பருப்புதான் இது என்று யாருக்கும் தெரியாது. வெறும் மா ரொட்டியில் இல்லாத புரதமும் இதில் சேர்கிறது.

"தேங்காய் விலையைப் பார்த்தால் கையே நடுங்குகிறது. ஒரு தேங்காயை எத்தனை நாள் ஓட்டலாம்?"

ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தாண்டிய காலத்தில் நான் வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். கண்ணுள்ள பாதியை முதலில் துருவிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதுதான் முதலில் வழவழக்கும். மற்றப் பாதியின் உட்புறத்தில் உப்பைத் தடவி, கவிழ்த்து, காற்றுப்படும் இடத்தில் வைத்தால் நம் குளிரில் மறுநாள் மாலை வரை நிற்கும். மஞ்சளோ வழவழப்போ கண்டால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

துருவிய பூவிலிருந்து முதற்பாலைத் தனியாக எடுத்து, கறி இறக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காய்கறி வேகட்டும். பிழிந்த சக்கையைக் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு மனம் தாங்குவதில்லை. அதை வெறும் தாச்சியில் பொன்னிறமாக வறுத்துச் செத்தல் மிளகாயோடும் உப்போடும் இடித்தால் சோற்றுக்குப் பொடி. வறுக்காமல் ரொட்டி மாவிலும் சேர்க்கலாம், சுவை சற்றுக் குறைவு, நார் நிறைய.

"லீக்ஸின் பச்சைத் தழை, பீட்ரூட் இலை, கோவாவின் வெளி இலை எல்லாவற்றையும் மாட்டுக்குத்தானே போட வேண்டும்?"

மாட்டுக்குப் போடும் முன் சட்டிக்குப் போடுங்கள். நாம் இருப்பது நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் மலையில். நானுஓயா, கந்தப்பளை, வெலிமடைத் தோட்டங்களிலிருந்து லொறி லொறியாக மரக்கறி இறங்குகிறது, ஆனால் லயத்து வீட்டில் இரவுக்குக் கறி இல்லை என்கிறோம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

பீட்ரூட் இலையைத் தண்டோடு பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துச் சுண்டினால் கிழங்கைவிட அருமையாக இருக்கும். ராபுக் கீரை சற்றுக் கசக்கும், அதை மைசூர்ப் பருப்போடு சேர்த்தால் கசப்பு அடங்கும். நோக்கோல் இலை இளசாக இருந்தால் சுண்டலுக்கு ஏற்றது. லீக்ஸின் பச்சைப் பகுதிக்கு இடையில் மண் ஒட்டியிருக்கும், நீளவாக்கில் பிளந்து தண்ணீரில் அலசிய பிறகு முட்டையோடு பொரியுங்கள். கரட் தழையைக் கொத்துமல்லி மாதிரி கொஞ்சமாகத் தூவலாம். கோவாவின் தடித்த வெளி இலைகளைச் சாம்பாரில் வேகவையுங்கள், சுண்டலுக்கு அவை வராது. மருந்து அடித்த வாசனை இருந்தால் மட்டும் வெளி இலையைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். எதையும் பல தண்ணீரில் கழுவாமல் அரிய வேண்டாம்.

வேலியில் சௌசௌ கொடி படர்ந்திருக்கும் வீட்டில் கறி இல்லை என்ற பேச்சே வரக் கூடாது. காயைத் தண்ணீருக்குள் வைத்துத் தோல் சீவினால் பசை கையில் ஒட்டாது. கொடியின் இளந்தளிரும் கீரைதான்.

"உருளைக்கிழங்கு பச்சையாகி முளை விட்டிருக்கிறது. முளையைக் கிள்ளிவிட்டு வேகவைக்கலாமா?"

கிழங்கு இறுக்கமாக இருந்து, சிறு முளை மட்டும் என்றால் முளையையும் அதன் அடிக்கண்ணையும் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். தோலுக்கடியில் பச்சை பரவியிருந்தாலோ, வாயில் கசந்தாலோ வேண்டாம். அந்தப் பச்சையோடு சொலனின் என்ற நஞ்சும் கூடியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. வெளிச்சம் படாமல் சாக்கில் கட்டி வைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

"இரண்டு நாள் பாண் கல் மாதிரி ஆகிவிட்டது. பிரிட்ஜில்தானே வைத்தேன்?"

பிரிட்ஜில் வைத்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் இறுகியது. பாணை வெளியே, மூடிய டின்னில் வையுங்கள். அதிக நாள் வைக்க வேண்டுமென்றால் உறைபெட்டியில் வைக்கலாம். இறுகிய பாணைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து, தண்ணீர் தெளித்துப் பிசறி வையுங்கள். தாச்சியில் கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை, மிளகாய், துருவிய கரட் வதக்கி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, பாணைக் கொட்டிப் பிரட்டினால் 450 கிராம் பாண் நான்கு பேருக்கு இரவுச் சாப்பாடு. பூஞ்சணம் ஒரு மூலையில் தெரிந்தாலும் முழுப் பாணையும் எறிய வேண்டும். உள்ளே அது கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும்.

"கடையில் போடும் கொத்து மாதிரி வீட்டு ரொட்டியில் வரவில்லையே?"

வீட்டில் மிஞ்சுவது தேங்காய் ரொட்டி. அதைக் கொத்தினால் உதிர்ந்து மாவாகிவிடும். கடையில் கொத்துவது தேங்காய் சேராமல் எண்ணெயில் ஊறவைத்து மெல்லியதாக வீசிய ரொட்டி. வீட்டில் தேங்காய் ரொட்டி மிஞ்சினால் கொத்தாமல் விரல் நீளத்துக்கு அரிந்து, கல்லில் எண்ணெய் விட்டுத் தனியாக மொறுமொறுப்பாக்குங்கள். லீக்ஸ், கோவா, முட்டை எல்லாவற்றையும் வேறாக வதக்கி, மிஞ்சிய கறிக் குழம்பைச் சுண்டவைத்து, கடைசி ஒரு நிமிடத்தில் ரொட்டியைச் சேர்த்துப் புரட்டி இறக்குங்கள். சத்தம் வராது, சுவை வரும்.

"ஒரு டின் மீனை ஏழு பேருக்கு எப்படிப் பங்கிடுவது?"

425 கிராம் டின்னைத் துண்டாகப் பங்கிட்டால் சண்டைதான் வரும். அரைக் கிலோ உருளைக்கிழங்கை அவித்து ஒன்றிரண்டாக உடைத்து, முள் நீக்கிய மீனோடு வெங்காயம், மிளகுத்தூள், கறிவேப்பிலை போட்டுப் பிரட்டுங்கள். டின்னில் உள்ள நீரைக் கொட்டாமல் சொதியில் சேருங்கள். பாதி மீனை மறுநாளுக்கு வைப்பதென்றால் டின்னிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிப் பிரிட்ஜில் வையுங்கள். பிரிட்ஜ் இல்லாவிட்டால் அன்றே முடித்துவிடுங்கள்.

கருவாடு இதைவிடவும் கைகொடுக்கும். இரண்டு துண்டு கருவாடு ஒரு சட்டிக் கத்தரிக்காய்க்கே மணம் கொடுத்துவிடும். சோயா மீட் என்றால் சுடுநீரில் ஊறவைத்து இரண்டு தடவை பிழிந்த பிறகு வதக்குங்கள். பிழியாமல் போடுவதால்தான் பலருக்கு அதன் வாடை பிடிக்காமல் போகிறது.

"தோசைக்கு அரைத்த மா காலை வரை பொங்கவே இல்லை. கொட்டிவிடலாமா?"

கொட்ட வேண்டாம். பழஞ்சோற்றுக்குச் சொன்ன அதே காரணம்தான், நம் குளிர். மாவைக் கையால் கலக்கி, சுடுநீர் நிரம்பிய பெரிய பாத்திரத்துக்குள் மாச்சட்டியை வைத்து, மேலே கம்பளி போர்த்துங்கள். அடுப்பு அணைந்த பின் இருக்கும் இளஞ்சூட்டில் வைத்தாலும் பொங்கும். மாலை வரை நேரம் கொடுத்தால் இரவுக்குத் தோசை தயார். பொங்குவதற்குள் பசி வந்துவிட்டால் கொஞ்சம் கோதுமை மாவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் கலந்து தடித்த ரொட்டி மாதிரி சுட்டுவிடலாம்.

"தீபாவளிக்குச் சுட்ட பருப்பு வடை ஒரு சட்டி மிஞ்சிவிட்டது. என்ன செய்ய?"

வடைக்கறி. வடையைப் பெரிய துண்டுகளாக உடைத்து வையுங்கள். வெங்காயம், தக்காளி, பூண்டு, கறித்தூள் வதக்கித் தாராளமாகத் தண்ணீர் விட்டு, கொதித்த பிறகு வடையைப் போட்டு, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். வடை குழம்பைக் குடித்துவிடும் என்பதால் நினைப்பதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் விட வேண்டும். வடை சுட்ட மறுநாளே இதைச் செய்துவிடுங்கள்.

"கறியில் உப்புக் கூடிவிட்டது. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்கிறார்களே?"

கிழங்கு தன்னைச் சுற்றியுள்ள உப்பு நீரைத்தான் குடிக்கும். மீதிக் குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத காய்கறியையும் தண்ணீரையும் சேர்த்துக் கறியைப் பெருக்கி, ஒரு பங்கை மறுநாள் ரசத்துக்கோ ரொட்டி மாவுக்கோ எடுத்து வையுங்கள்.

"ரொட்டியும் சம்பலும் மட்டும் இரவுக்குப் போதுமா? வயிறு நிறைந்துவிடுகிறதே."

வயிறு நிறையும், உடம்புக்குப் போதாது. வாரத்தில் ஓரிரு நாள் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் என்றால் கைப்பிடிப் பருப்போ ஒரு முட்டையோ நெத்தலியோ, அதோடு ஏதாவது ஒரு கீரையும் சேர வேண்டும். இரத்தம் குறைந்த பெண்கள் நம் பக்கத்தில் ஏராளம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள எலுமிச்சம்புளி உதவுகிறது. அதனால் கீரைச் சுண்டலை இறக்கிய பிறகு பாதி எலுமிச்சையைப் பிழியுங்கள்.

சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணீர் குடிக்கும் பழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தேயிலையில் உள்ள பொருட்கள் அந்த இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. தேநீரை விடச் சொல்லவில்லை, நம் கையால் பறித்த கொழுந்து அது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

"பிள்ளைகள் தட்டைப் பார்த்ததும் 'இன்றைக்கும் இதேயா' என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?"

பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் சுவையைப் பற்றி இருக்காது, உருவத்தைப் பற்றியே இருக்கும். அதே பருப்பு ரொட்டிக்குள் போனால் சாப்பிடுவார்கள். அதே கரட் துருவலாக முட்டையில் இருந்தால் சாப்பிடுவார்கள். என் வகுப்பில் மரக்கறியே தொடாத ஒரு சிறுவன், வீட்டில் ரொட்டி உருண்டையைத் தன் கையால் தட்டத் தொடங்கிய பிறகு அதில் இருந்த கோவாவையும் சேர்த்துச் சாப்பிடுகிறான் என்று அவன் அம்மா சொன்னார். அடுப்புக்குத் தள்ளி உட்காரவைத்து, மாவை மட்டும் கையில் கொடுங்கள். கோணல் மாணலான ரொட்டியைக் குறை சொல்லாதீர்கள்.

"மிஞ்சியதை வீணாக்காமல் கடைசியில் நானே சாப்பிட்டுவிடுகிறேன், டீச்சர். அதில் என்ன தவறு?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மா எங்கள் ஐந்து பேருக்கும் பரிமாறிவிட்டு, சட்டி அடியில் ஒட்டியிருந்ததை வழித்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவார். மீன் துண்டு அவர் தட்டில் விழுந்து நான் பார்த்ததில்லை. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கொழுந்துக் கூடையோடு மலையில் மயங்கி விழுந்தார். இரத்தம் மிகக் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டில் சாப்பாடு இல்லாமல் அது நடக்கவில்லை. நாள் முழுவதும் மலை ஏறி இறங்கியவருக்கு, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சியது மட்டும் போய்ச் சேர்ந்ததால் நடந்தது.

அதனால் யாரும் கை வைக்கும் முன்பே எல்லாத் தட்டுகளையும் ஒன்றாகப் பரப்பிப் பரிமாறுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. மறுவேளைக்கு எடுத்து வைப்பது அதற்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் சட்டியில் உங்களுக்கென்று எதுவும் மிஞ்ச வேண்டியதில்லை. முட்டை மூன்றுதான் இருக்கிறது, ஆள் ஆறு பேர் என்றால் அவித்து, நூலால் பாதி பாதியாக அறுங்கள். எங்கள் வீட்டில் இப்போது தரையில் ஆறு தட்டு வைக்கிறோம். முதல் அகப்பை அம்மாவின் தட்டில் விழுகிறது. "எனக்குப் போதும், பிள்ளைக்குப் போடு" என்று அவர் இன்றும் கையால் மறைக்கிறார். நான் கையை விலக்கிவிட்டுப் போடுகிறேன்.